பிரேக் ஆயில் மாற்றிய சனிக்கிழமை

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"பிடி... பிடி... விடாத... ம், இப்ப விடு."

பின்சக்கரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்த குரல் என் வீட்டுக்காரர் சேவியருடையது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, வலது காலை பிரேக்கின் மேல் வைத்து உட்கார்ந்திருந்தவள் நான். விவேக் நகரில் எங்கள் சந்துக்குள் வெயில் அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார். கார் இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது.

மாடி வீட்டுக் கௌரம்மா எட்டிப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏன்ரீ ரெஜினா, ட்ரைவிங் க்ளாஸா? எவ்ளோ நேரமா அழுத்துறீங்க, கார் ஒரு இஞ்ச் கூட நகரலையே!"

வேறு நாளாக இருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று முடியவில்லை. ஒன்பது நாள் கழித்து நானும் அவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. அழுத்து, அழுத்திட்டேன், பிடி, விடு. அவ்வளவுதான்.

இருக்கை இரண்டு, ஆள் மூன்று

இந்தத் தொடரில் முன்பு எங்கள் சிவப்புக் காரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். கோலார் வாசகி ஒருவர் விடவில்லை. "பீன்யாவில் லேத் ஓட்டியவர் என்கிறீர்கள், அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எப்படி வந்தது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான். எங்கள் சந்தே கேட்ட கேள்வி அது.

அவருடைய முதலாளி இளமையில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார் அது. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வயதான காலத்தில் முதலாளிக்கு அதில் இறங்கினால் ஏற முடியவில்லை, ஏறினால் இறங்க முடியவில்லை. ஃபாக்டரியின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் பல மழைக்காலம் கிடந்தது. மகனோடு வெளிநாட்டில் இருக்கப் போவதென்று முடிவானபோது சேவியரைக் கூப்பிட்டு, "இதை இரும்புக் கடைக்குப் போட மனசு வரல. நீ எடுத்துட்டுப் போ. ஓட்டணும், சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது" என்றாராம்.

ஒரு டெம்போவுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து இரண்டு எலி குதித்து ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. "வீட்டுல ஃப்ரிட்ஜ் வைக்கவே இடமில்ல, இது எங்க?" என்று கேட்டேன். அவர் கார் ஜன்னலை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. கிடைக்காத சாமான்களை லேத்தில் அவரே கடைந்தார். ரப்பர் சாமான்களுக்கு ஜே.சி. ரோடில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். ஒருநாள் காலை அது உயிர் பிடித்து உறுமியபோது சந்தில் இருந்த நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. எங்கள் மகள் ஸ்டெல்லா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

சின்னப் பிள்ளையாக இருந்தவரை அவள் என் மடியில் உட்கார்ந்து வந்தாள். எட்டாவது படிக்கும்போது அவள் முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது, தலை என் முகத்தை மறைத்தது. அன்றோடு இடது பக்க இருக்கை அவளுடையதாயிற்று. அவள் சண்டை போட்டாள், நான் விட்டுக்கொடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பாவும் மகளும் கிளம்பிவிடுவார்கள். நான் சமையலறையில் இருந்தபடியே கார் சந்துமுனை திரும்பும் சத்தத்தைக் கேட்பேன். திரும்பி வரும் சத்தம் தூரத்தில் கேட்டதும் அப்பளம் பொரிப்பேன். உள்ளே வரும்போது ஸ்டெல்லாவின் தலைமுடியில் காற்றும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அந்த வாசனை இப்போது எங்கே அடித்தாலும் எனக்கு அப்பள ஞாபகம்தான் வருகிறது.

என் கால் செய்த வேலை

அந்தக் காருக்கும் எனக்கும் மிஞ்சிய ஒரே சம்பந்தம் பிரேக் ஆயில்.

காரில் நாம் காலால் அழுத்தும் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்த ஆயில்தான். அதற்கு ஒரு கெட்ட குணம். மழைக்காலத்து உப்பு மாதிரி, காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சூடேறினால் சீக்கிரம் கொதித்துவிடும். குழாய்க்குள் ஆவி வந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் கால் காற்றைத்தான் அழுத்தும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழையதை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதிதை நிரப்ப வேண்டும்.

அது ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்த வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திறக்க வேண்டும். அதில் மாட்டிய பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பழைய ஆயில் தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கும். அப்போது காலுக்கடியில் பிரேக் மெதுவாகக் கரைந்து தரைவரை போவது ஒரு விசித்திரமான உணர்ச்சி. அவர் ஸ்க்ரூவை மூடும்வரை காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். செய்த வேலை அத்தனையும் வீண்.

முதல் தடவை நான் எடுத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. என் கால் என்னைக் கேட்கவில்லை. அவர் அடியிலிருந்து "ஐயோ ரெஜி!" என்று கத்தினது பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும். இன்னொரு தடவை ஒரு துளி சிந்தி எங்கள் கேட்டில் பட்டது. மறுநாள் பார்த்தால் பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தது.

"வொர்க் ஷாப்ல யாரையாவது அழுத்தச் சொல்லலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மத்தவங்க கால் எல்லாம் யோசிக்குது. உன் கால் சொன்னதைச் செய்யுது" என்றார்.

வீட்டில் அவர் சொன்னதை நான் செய்வது அபூர்வம் என்பதால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"நான் பஸ்ல போறேன்"

ஸ்டெல்லா இரண்டாவது பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நந்தி மலைக்குப் போய் வந்தார்கள். காரின் வலது பக்கம் முன்னாலிருந்து கதவுவரை நன்றாக உரசி, சிவப்புக்கு அடியில் தகரம் தெரிந்தது.

"பார்க்கிங்ல ஒரு தூண் இருந்தது. கவனிக்கல" என்றார். ஸ்டெல்லா நேரே குளிக்கப் போய்விட்டாள். நான் அப்பளத்தைப் பொரித்தேன். எதையும் சந்தேகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் சாவியைக் குலுக்கிக்கொண்டு நின்றார். "படிக்கணும்ப்பா" என்று அவள் தலை நிமிராமல் சொன்னாள். பரீட்சை வருஷம்தானே என்று நினைத்தேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு ஜெயநகரில் ட்யூஷன் டெஸ்ட். வியாழக்கிழமை என்றால் எங்கள் பக்கம் கோயில் கூட்டம். பஸ், ஆட்டோ ஒன்றும் நகராது. "அப்பா இப்ப வந்துடுவாரு, சந்து வழியாவே கொண்டுபோய் விட்டுடுவாரு, கார்ல போ" என்றேன்.

"வேணாம்மா, நான் பஸ்ல போறேன்."

"பஸ்ல போனா டெஸ்ட் முடிஞ்சுதான் போய்ச் சேருவ."

"பரவால்ல."

அந்த இருக்கைக்காக என்னோடு சண்டை போட்ட பெண். பை ஜிப்பை மூடப் பார்க்கிறாள், விரல் வழுக்கி வழுக்கிப் போகிறது. நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜிப்பை மூடிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள்.

"மலையில இருந்து எறங்கும்போது பிரேக் புடிக்கலம்மா. அப்பா அழுத்துறாரு அழுத்துறாரு, நிக்கவே இல்ல. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாரு. அப்புறம் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஓடிச்சு, மண் மேட்டுல உரசித்தான் நின்னுச்சு."

"அப்பா சொல்ல வேணாம்னாரா?"

"இல்லம்மா. அரை மணி நேரம் அங்கேயே உக்காந்திருந்தோம். பிரேக் திரும்ப வந்துடுச்சு. ஆனா அவரு கை நடுங்கிட்டே இருந்துச்சு. அதான் நான் சொல்லல."

அன்று அவள் டெஸ்ட்டுக்குப் போகவில்லை.

சேவியர் ஃபாக்டரியிலிருந்து வந்து சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "ஆயில் மாத்தி நாலு வருஷமாச்சு இல்ல? தெரிஞ்சும் என் பொண்ணை மலைக்குக் கூட்டிட்டுப் போனீங்களா? போதாததுக்கு எதிர் சைடுக்கு வேற ஒடிச்சிருக்கீங்க. ஒரு வண்டி வந்திருந்தா? வந்து என்கிட்ட தூண்னு பொய் சொல்றீங்க!"

அவர் நின்றபடியே கேட்டார். "தப்புதான்" என்றார். அந்த ஒரு சொல்தான். அது என் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. வெளியே போய்க் காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

ஒன்பது நாள். "அப்பாகிட்ட ரசம் இருக்குன்னு சொல்லு." "அம்மாகிட்ட கேஸ் புக் பண்ணிட்டேன்னு சொல்லு." சின்ன வீட்டில், மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டு நாங்கள் பேச, ஸ்டெல்லா நடுவில் நின்று பேஜார் ஆனாள்.

ஒன்பதாம் நாள் காலை அவளே என்னிடம் வந்தாள். "அப்பா காரைக் கொடுத்துடப் போறாராம். போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தாரு."

"நல்லதுதானே? உனக்குத்தான் பயமா இருக்கே."

"பயமாத்தான் இருக்கு. ஆனா கார் போக வேணாம்மா." சொல்லிவிட்டு அழுதாள்.

அலமாரியில் இருந்த டின்

நான் சமையலறை மேல் அலமாரியைத் திறந்தேன். புது பிரேக் ஆயில் டின் அங்கேதான் எப்போதும் இருக்கும், எண்ணெய்க்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும். சீல் உடைக்காத டின். மேலே தூசி. அதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள் அவர் இதே டின்னைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "ரெஜி, ஒரு மணி நேரம் வரியா? ஆயில் மாத்திடலாம்." என் முன்னால் பரீட்சைப் பேப்பர் கட்டு இருந்தது. "அடுத்த வாரம்" என்றேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு இன்னொரு தடவையும் கேட்டார். அப்போதும் அடுத்த வாரம்தான். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் டீச்சர். கொதிநிலை என்றால் என்ன என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள். அவரை நிற்க வைத்துக் கத்தியபோது இந்த இரண்டு 'அடுத்த வாரம்' எனக்கு ஞாபகமே வரவில்லை. அவருக்கு வராமல் இருந்திருக்குமா? வந்தும் சொல்லவில்லை.

வெளியே போனேன். அவர் காரின் அருகில் நின்றுகொண்டிருந்தார். டின்னைத் தார்ப்பாயின் மேல் வைத்தேன். அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜாக்கி எடுத்து வரப் போனார். நான் செருப்பைக் கழற்றினேன்.

விடாத

மேலே இருக்கும் சின்ன டப்பாவிலிருந்து பழைய ஆயிலை ஊசி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். கடுங்காப்பி நிறம். புதிதை ஊற்றினார். தூரத்துச் சக்கரம் முதலில் என்பது அவர் கணக்கு. இடது பின்பக்கம், பிறகு வலது பின்பக்கம். அழுத்து, பிடி, விடு. பாட்டிலில் கறுப்பாக இறங்கியது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துத் தேன் நிறமாகும். அப்புறம் அடுத்த சக்கரம்.

மூன்றாவதாக இடது முன்பக்கம் வந்தார். பானெட் திறந்திருந்ததால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை, அவருக்கும் என் முகம் தெரியவில்லை.

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

"பிடி."

என் காலுக்கடியில் பிரேக் தரைவரை இறங்கியது. பிடித்துக்கொண்டேன். 'விடு' வரவில்லை.

"ரெஜி."

"ம்."

"அந்த வளைவுல இடது பக்கம் பாறை. கிட்டத்துலயே இருந்துச்சு. லேசாத் திருப்பியிருந்தா போதும். உரசி நின்னிருக்கும்."

நான் காலை அப்படியே அழுத்திப் பிடித்திருந்தேன்.

"அந்தப் பக்கம் அவ உக்காந்திருந்தா."

சந்தில் யாரோ காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு போனார். அது கடந்து போகும்வரை அவர் காத்திருந்தார்.

"கீழருந்து யாரும் ஏறி வரலன்னு பாத்தேன். பாத்துட்டுத்தான் எதிர்ப்பக்கம் ஒடிச்சேன். அடிபட்டா என் பக்கம் படட்டும்னு. அவளுக்கு அது தெரியாது. சொல்லிடாத."

என் கால் நடுங்க ஆரம்பித்தது.

"விடாத ரெஜி. ஸ்க்ரூ தொறந்திருக்கு."

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலை அங்கேயே வைத்திருந்தேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. மூக்கிலும் தாடையிலும் வழிந்து புடவையில் சொட்டியது. மேலே கௌரம்மா பார்த்துக்கொண்டிருந்தாரா என்று தெரியாது. பார்த்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்க கூப்பிட்டீங்க" என்றேன். "ஈஸ்டருக்கு முன்னாடி. நான் வரல. அப்புறமும் ஒரு தடவை கூப்பிட்டீங்க."

ஸ்பேனர் ஒரு சுற்று திரும்பும் சத்தம் கேட்டது.

"அப்படியா?" என்றார். "எனக்கு ஞாபகம் இல்லியே."

பத்து வருஷத்துக்கு முன் கடைந்த ஒரு புஷ் வளையத்தின் அளவைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுகிற மனிதர் அவர்.

"விடு, ரெஜி" என்றார்.

காலை எடுத்தேன்.

மலைக்கு ஒரு சவாரி

கடைசிச் சக்கரமும் முடிந்து, சிந்திய இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சக்கரங்களை மாட்டினார். "இப்ப அழுத்திப் பாரு" என்றார். பிரேக் கால்வாசி இறங்கியதுமே நின்றுவிட்டது. கல்லை மிதிப்பது போலிருந்தது.

"நாளைக்கு மலைக்கு நான் வரேன்" என்றேன்.

"நீயா?"

"ஆமா. நாம ரெண்டு பேரும்."

ஞாயிறு பூசை முடிந்து கிளம்பினோம். ஸ்டெல்லா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்த இருக்கையில் உட்காருகிறேன். இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பக்கத்தில் போகும் பஸ்ஸின் சக்கரம் என் முகத்துக்கு நேராகச் சுற்றியது. தேவனஹள்ளி தாண்டியதும் திராட்சைத் தோட்டங்களின் ஈர வாசனை. மலை மேல் மூடுபனி. அங்கே சூடாக இட்லி சாப்பிட்டோம். ஒன்பது நாளில் சொல்லாத வீட்டு விஷயங்களை எல்லாம் மூச்சுவிடாமல் பேசினோம். குழாய் ஒழுகுகிறது, அக்கா மகளுக்கு நிச்சயம், கௌரம்மாவின் மூட்டு வலி.

இறங்கும்போது அவர் கியரைக் குறைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினார். ஒரு வளைவில் இடது பக்கப் பாறை என் ஜன்னலுக்கு மிக அருகில் வந்தது. எதிர்ப்பக்க மண் மேட்டில் சிவப்புக் கீறல் ஒன்று நீளமாக ஓடியது. அவர் அதைக் காட்டவில்லை. நான் பார்த்தேன்.

அடிவாரத்தில் நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து சூட்டு வாசனை வந்தது. "நீ வந்து அழுத்திப் பாரு" என்றார். இடம் மாறி உட்கார்ந்து அழுத்தினேன். அவ்வளவு சூட்டிலும் கெட்டியாகவே இருந்தது.

"சரியா?"

"சரி."

ஸ்டெல்லா இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பாறையைப் பற்றி அவர் சொன்னதை நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் அவரைக் கேட்டேன். "இனிமே தெரிஞ்சா என்ன, எழுது" என்றார். ஆகவே ஸ்டெல்லா, நீ இதைப் படிக்கும்போதுதான் உனக்குத் தெரிகிறது.

அன்று நாங்கள் சந்துக்குள் திரும்பியபோது நீ கேட்டுக்குள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாய். நீ காரைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாய். நான் இறங்கினேன். கதவைச் சாத்தாமல் அப்படியே திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அப்பா எஞ்சினை அணைக்கவில்லை. உன்னைக் கூப்பிடவும் இல்லை.

நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வந்து, குனிந்து, உள்ளே உட்கார்ந்தாய்.

கதவை நான்தான் சாத்தினேன்.